கொள்ளு பரப்பிய வளைவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது தோண்டி எடுத்த மாதிரி சொல்லிச் சிரிக்க வேண்டாம். விழுப்புரம் டாக்சி ஸ்டாண்டில் கூலிக்கு ஓட்டிய கூட்டத்திலிருந்து சொந்த அம்பாசிடர் வாங்கி நிறுத்திய முதல் ஆள் நான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிற லாட்ஜ் நான் கட்டியது. அந்த இடம் அப்போது குட்டை. தவளை கத்தும், பன்றி புரளும், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். டயர் கடை நான் போட்டது. மெக்கானிக் ஷெட் நான் போட்டது. உனக்குக் கையெழுத்துப் போட வருமா என்று என்னைக் கேட்ட பேங்க் ஆபீசர், ரிட்டயர் ஆன பிறகு தன் மைத்துனனுக்கு வேலை கேட்டு என் ஷெட்டு வாசலில் நின்றார். மூன்று பெண் பிள்ளைகளையும் பட்டம் வரைக்கும் படிக்க வைத்தேன். இவ்வளவிலும் என் பேர் இருக்கிறது, பலகையில், பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில். நான் உண்டாக்கிய ஒன்றில் மட்டும் இல்லை. அது கொள்ளுக்களம்.

விக்கிரவாண்டி தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், ஊர் பேர் வேண்டாம், ஏரிக்கரை ஓரமாக ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. அதன் மூலையில் ஒரு கல். இன்னாருடைய முயற்சியால் இந்தக் களம் அமைந்தது என்று அதில் ஒரு ரைஸ் மில் முதலாளியின் பேர் வெட்டியிருந்தது. நாலு வழிச் சாலை போட்டபோது களத்தில் ஒரு ஓரம் போனது, கல்லும் சாய்ந்தது. முதலாளி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அவர் பிள்ளைகள் இப்போது புதுக் கல் வெட்டி நடப்போகிறார்களாம். அதிலும் அதே வாசகம்தானாம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வாயெல்லாம் கசப்பு. கல் வெட்டுவதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில் அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தை பிறந்தால் அது ரோடாக இருக்காது. கொள்ளு, கேப்பை, உளுந்து, எதுவானாலும் செடியோடு அறுத்து வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதிக்க மிதிக்கக் காய் வெடிக்கும். சாயங்காலம் தூற்றி மூட்டை கட்டுவார்கள். ரோடு அரசாங்கத்தினுடையது, டீசல் அடுத்தவனுடையது, கொள்ளு மட்டும் இவர்களுடையது. வண்டிக்காரன் ஒதுங்கிப் போய்விட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். காலியாக இருக்கிற பக்கத்தில் பாறாங்கல்லும் கருவேல முள்ளும் வைத்துவிடுவார்கள். மிதித்துத்தான் போக வேண்டும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற மாதிரி நமக்குக் கல்.

அதன் அசிங்கத்தை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. லாரியிலிருந்து ஒழுகிய ஆயில் அதன் மேல்தான். பஸ் ஜன்னலிலிருந்து துப்பிய வெற்றிலைச் சாறு, குழந்தை எடுத்த வாந்தி, சாணி, பீடித் துண்டு எல்லாம் அதன் மேல்தான். நாய் வந்து காலைத் தூக்கிவிட்டுப் போகும். அதையே வாரித் தூற்றிச் சந்தைக்கு அனுப்புவார்கள். சளிக்கு நல்லது என்று டவுனில் ரசம் வைத்துக் குடிப்பார்கள். நான் கொள்ளு ரசத்தைத் தொட்டதில்லை. என் வீட்டில் அதற்கு அடுப்பு எரியாது.

அசிங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயிர் போகிற சங்கதி வேறு. காய் வெடித்துக் கீழே கிடக்கிற கொள்ளு பால்ரஸ் குண்டு மாதிரி. அதன் மேல் தழை. தழையின் மேல் ராத்திரியெல்லாம் இறங்கின பனி ஈரம். விடிகாலையில் அதில் டயர் ஏறினால் சோப்பு தேய்த்த கல்லில் கால் வைத்த கதைதான். குளிர் தேசத்தில் இருக்கிற என் பேரன், ரோடெல்லாம் பனி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது தாத்தா என்று போனில் சொல்கிறான். எனக்கு அது புதிது இல்லை. விக்கிரவாண்டிக்கு வடக்கே நான் அதில்தான் பிழைத்தேன்.

மற்ற டிரைவர்கள் அதில் ஓட்டின அழகைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றும். பயம் வந்தால் காலைக் கொண்டுபோய் பிரேக்கில் ஊன்றுவார்கள். வழுக்குகிற தரையில் பிரேக் போட்டால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. ஒருவன் அப்படி மதகுச் சுவரில் போய் முட்டினான். இன்னொருவன் ரோட்டிலேயே பம்பரமாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றான். இறங்கி வந்து சாமி காப்பாத்திச்சி என்றான். சாமிக்கு வேறு வேலை இல்லை.

ஒரு தை மாதக் காலை. அந்த ரைஸ் மில் முதலாளி தன் மகளுக்கு வளைகாப்பு என்று திண்டிவனத்துக்கு என் வண்டியை அமர்த்தியிருந்தார். முன்சீட்டில் அவர், பட்டுக்கரை வேட்டி. பின்சீட்டில் அவர் சம்சாரம், அந்த அம்மாளைச் சுற்றிலும் அண்டா அண்டாவாகக் கட்டுசாதம்: புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். டிக்கியில் வளையலும் பூவும் பழத்தட்டும். நான் பனிக்காக ஹெட்லைட்டில் மஞ்சள் காகிதம் ஒட்டி, ஈரம் படியாமல் இருக்கக் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துத் துடைத்துவிட்டுக் கிளப்பினேன். விக்கிரவாண்டி தாண்டினதும் பனி மூட்டம் சாக்கு போட்டு மூடின மாதிரி இறங்கிவிட்டது. வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னாய்யா டிரைவரு, மாட்டு வண்டின்னு சொல்லியிருந்தா வைக்கோலாவது ஏத்திக்கினு வந்திருப்பேனே" என்றார் முதலாளி.

"கண்ணு தெரியற தூரத்துக்குத்தான் முதலாளி காலு போவும்."

"சம்பந்தி வூட்ல பத்து மணிக்கெல்லாம் வளையல் அடுக்கிடுவாங்க. ஜல்தியா போய்யா. பயந்தாங்கொள்ளிய வண்டியில வெச்சிக்கினு பேஜாரா போச்சு."

பின்னால் அம்மாள், "அவரு கெடக்கறாரு. நீ பாத்துப் போப்பா, தயிர்சாதம் தளும்புது" என்றார்.

ஏரிக்கரை வளைவு வந்தது. புளியமரங்கள் வரிசையாக நிற்கிற இடம். திடீரென்று ரோடு கறுப்பாக இல்லை, பழுப்பாக இருந்தது. வலது பக்கம் வெள்ளையாகத் தெரிந்தவை பாறாங்கற்கள். எனக்கு இருந்த வழி கொள்ளுதான். முன்சக்கரம் ஏறினதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. அந்தக் கனம் போவதை உணரத் தெரியாதவன் டிரைவர் இல்லை.

"பிரேக் போடு! பிரேக் போடுய்யா!" என்று முதலாளி கத்தினார். டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு தன் காலால் தரையை மிதி மிதி என்று மிதித்தார்.

நான் போடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். பிரேக் பக்கமும் கிளட்ச் பக்கமும் கால் போகவில்லை. இரண்டாவது கியர் தானே வண்டியைப் பிடிக்கட்டும் என்று விட்டேன். வண்டியின் வால் வலது பக்கம் விலகியது. ஸ்டியரிங்கை வலது பக்கமே கொடுத்தேன். வால் போகிற பக்கம் தலையைக் கொடுக்க வேண்டும். பிடுங்கித் திருப்பக் கூடாது, தூங்குகிற குழந்தையைப் புரட்டுகிற மாதிரிக் கொடுக்க வேண்டும். வால் திரும்பி வந்தது. வந்ததும் சக்கரத்தை நேராக்கினேன். வண்டி இடது பக்க மண்ணில் இறங்கி, குவித்து வைத்திருந்த ஒரு கொள்ளுப் போரில் மூக்கை நுழைத்து நின்றது. போருக்கு அந்தப் பக்கம் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு புளியமரம். சின்ன மரம் இல்லை, நாலு ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமன்.

வண்டிக்குள் யாருக்கும் கீறல் இல்லை. எலுமிச்சை சாதம் முதலாளி தலையில் இருந்தது. புளிசாதத்து எண்ணெய் பட்டுக்கரையில் வழிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எவன் என்ன செய்வான்? உட்கார்ந்து நடுங்குவான். நான் சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பனியில் அடுத்து வருகிறவன் நேராக வந்து இடிப்பான். வளைவுக்கு வெகு முன்னாலேயே நின்று துண்டை வீசி ஒரு லாரியையும் ஒரு பஸ்ஸையும் மெதுவாக்கிவிட்டுத்தான் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால், ஊர் சனம் ஓடி வந்திருந்தது. நாலைந்து பேர் என் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். எனக்கு உதவி செய்கிறார்கள் என்று நினைத்தேன். விளக்குமாறு வைத்துக் கொள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சீ, என்று இருந்தது எனக்கு.

அந்தப் போருக்குச் சொந்தக்காரி ஒரு நடுவயது அம்மாள், புருசன் இல்லாதவள். அறுத்த அரிவாளை இன்னும் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? என் கொள்ளு பூரா வாரி சேத்துல அடிச்சிட்டியே! ரோட்டு மேல போவ மாட்டியா?"

"ரோட்டு மேல ரோடு எங்கம்மா இருக்குது? நீ கல்லு வெச்சி அடைச்சிட்ட. நாங்க உயிரோட இருக்கறது உனக்குப் புடிக்கலியா?"

"உயிரு இருக்கறதாலதான இம்மாம் வாய் பேசற. எனக்கு இந்தக் கொள்ளுதான்யா உசுரு."

"சரி, போடறதுதான் போடற, நேர் ரோட்ல போடக் கூடாது? வளைவுலயா போடுவாங்க?"

"வளைவுலதான வண்டி மெதுவா போவும்" என்றாள். எனக்குப் புத்தி இல்லை என்கிற மாதிரிப் பார்த்தாள். "நெதானமா ஏறி நல்லா மிதிக்கும். நேர் ரோட்ல சர்ருனு போய்க்கினே இருப்பீங்க, கொள்ளு தெறிச்சி முள்ளுக்குள்ள பூடும்."

கேட்டுக்கொண்டீர்களா? ஆபத்தான இடம் என்பதால்தான் வண்டி அங்கே மெதுவாகப் போகிறது. அந்த இடத்தையே பார்த்து, மெனக்கெட்டு, வருடா வருடம் வழுக்க வைத்திருக்கிறார்கள்.

ஊர் நாட்டாண்மைக்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். வண்டிச் சாவி அதற்குள் யார் மடியிலோ போய்விட்டது. முதலாளி கத்தினார், தான் யார் தெரியுமா என்றார். தலையில் எலுமிச்சை சாதத்தோடு ஒருவர் தான் யார் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

நாட்டாண்மைக்காரர் என்னிடம் சொன்னார்: "தபாரு டிரைவரே, அந்தம்மா அர காணி குத்தகைக்கு ஓட்டுது. மாடு இருக்கறவன் களத்துல தாம்பு கட்டி மிதிக்க விடறான். இதுக்கு மாடு இல்ல."

"பஸ்சுதான் எனக்கு மாடு" என்றாள் அவள்.

"கொள்ள நீதான கலைச்ச. நீயே மிதிச்சிக் குடுத்துட்டுப் போயேன், மாடு மாதிரி" என்றார் அவர். சனம் சிரித்தது. அவர் கேலிக்குச் சொன்னார். நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மிதிக்கறேன். இந்த அசிங்கம் புடிச்ச ரோட்ல மிதிக்க மாட்டேன். மேடு பள்ளம் இல்லாத இடத்தக் காட்டு" என்றேன்.

சிரிப்பு நின்றது. இந்த யோசனை யார் வாயிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைக்குக் கீழே களர்ப் பொறம்போக்கு ஒன்று இருந்தது. புல்கூட முளைக்காத, கல் மாதிரி இறுகின மண். வெயில் ஏறிப் பனி கலைந்து தழை உலர்கிற வரைக்கும் காத்திருந்தோம். முதலாளி சம்சாரம் மிஞ்சின தயிர்சாதத்தில் ஒரு சட்டியைப் புருசனிடம் கொடுத்துவிட்டு, வளையலையும் பூவையும் எடுத்துக்கொண்டு, மகள் கைக்கு வளையல் போட வேண்டும் என்று ஒரு பஸ்ஸில் ஏறிப் போனார். முதலாளி போகவில்லை. சம்பந்தி வீட்டுக்கு பஸ்ஸில் போய் இறங்கினால் மானம் போய்விடும் என்று மதகு மேல் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டிச் சுத்தம் செய்த களரில் கொள்ளை வட்டமாகப் பரப்பினார்கள். சாவியைக் கொடுத்தார்கள். முதல் கியரில் சுற்ற ஆரம்பித்தேன். "அம்பாசிடரு தாம்பு! ஹை, ஹை!" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள் தடிப் பயல்கள். எனக்கு ஒரு பக்கம் மானம் போனது, ஒரு பக்கம் வேலை ருசித்தது. தழை வண்டிக்கு அடியில் ஓடுகிற ஷாப்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் புகையும். அதைக் கவனிக்காத எத்தனையோ வண்டி எரிந்திருக்கிறது. நான் அடிக்கடி நிறுத்தி, கொள்ளுக்கார அம்மாளின் அரிவாளை வாங்கி, படுத்து அறுத்து எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன்.

மோத மரம் இல்லை, விழப் பள்ளம் இல்லை, எதிரில் வர வண்டி இல்லை. வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். வண்டி கழன்று சுற்றியது. விட்டேன், கைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய் அழுத்தினேன், விட்டேன். ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அரைகுறையாகக் கற்றதை அந்த வட்டத்தில் முழுசாகக் கற்றேன். பேரன் ஊரில் உறைந்த தரையில் இதே மாதிரி வட்டம் சுற்ற விட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு ஸ்கூல் வைத்திருக்கிறார்களாம், அவன் அதில் சேர்ந்திருக்கிறான். அங்கே சொல்லிக்கொடுத்ததை எனக்குப் போனில் ஒப்பித்தான். காலை எடு, வால் போகிற பக்கம் திருப்பு, அவசரப்படாதே. நான் சிரித்துவிட்டேன்.

அந்த அம்மாள் முறத்தில் வாரித் தூற்றினாள். கொள்ளை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். "மண்ணு கம்மி. ஆயிலு நாத்தம் இல்ல" என்றாள். ஒரு முறம் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்கு வேணாம்மா. நான் கொள்ளு துன்றதில்ல."

"ஏன், இது உன் வண்டி மிதிச்சதுதான? உன் வண்டி மேலயே உனக்கு அசிங்கமா?"

வாங்கி டிக்கியில் போட்டேன். தின்னவில்லை, ஆனால் தூக்கி எறியவும் இல்லை.

அடுத்த வாரமே ஊரிலிருந்து இரண்டு பேர் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். "வண்டி மிதிக்குமா அண்ணே?" என்றார்கள். போனேன். அடுத்த தையிலும் போனேன், ஸ்டாண்டு டிரைவர்கள் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர்களுக்கு வழுக்கு பழகிற்று, ஊருக்குக் கொள்ளு மிதிபட்டது. வளைவில் பரப்புவது நின்றது. பாறாங்கற்களைப் பெயர்த்துக் களத்துக்கு வரப்பாக வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் புளியமரத்தில் வண்டி மோதி நான் பார்த்ததில்லை.

சில வருடம் கழித்து முதலாளிக்கு ஒன்றியத்தில் பதவி வந்தது. களர் சிமெண்டுக் களமானது. திறப்பு விழாவில் நான் பின்வரிசையில் நின்றேன். கூப்பிடுவார்கள் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதலாளி மைக்கில் பேசினார்.

"அன்னிக்கி வண்டியில நான் மட்டும் பிரேக் போடுன்னு கத்தலன்னா, டிரைவரு எங்கள மரத்துல கொண்டாந்து வெச்சிருப்பாரு. அப்பறமா இந்த மதகு மேல உக்காந்து யோசன பண்ணேன். ஏழ சனங்களுக்கு ஒரு களம் வேணும்னு அப்பதான் எனக்குத் தோணிச்சி."

கூட்டத்தின் நடுவிலிருந்து கொள்ளுக்கார அம்மாளின் குரல் கேட்டது: "யோவ், நீ மதகு மேல குந்திக்கினு தயிர்சாதம்யா துன்னுக்கினு இருந்த!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யாரோ மைக் சத்தத்தைக் கூட்டினார்கள். பேச்சு முடிந்தது, கல்லின் திரையை விலக்கினார்கள். கல்லில் இருந்தது அவர் பேர். அந்த அம்மாள் சொன்னதைக் கல்லில் யாரும் வெட்டவில்லை.

போன மாதம் முதலாளியின் பிள்ளைகளில் மூத்தவரைப் பார்க்கப் போனேன். நல்ல மரியாதைதான், காபி கொடுத்தார். "நீங்க ஒரு நாள் வண்டி ஓட்டிக் காட்டினீங்க பெரியவரே, அத யாரும் இல்லங்கல. அப்பாதான களத்தக் கட்டினாரு" என்றார்.

சிமெண்டு போட்டவர் அவர். இல்லை என்று நான் சொல்லவில்லை. சிமெண்டு எங்கே போட வேண்டும் என்று காட்டின டயர்த் தடம் என்னுடையது. அந்த வளைவில் பிரேக் போடாத கால் என்னுடையது. போட்டிருந்தால் கல்லில் பேர் வெட்ட அவரே இருந்திருக்க மாட்டார், வளைகாப்பு வீட்டில் துக்கம் விழுந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியும். அவர்கள் அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் வருசா வருசம் பொங்கலுக்கு என் வீட்டுக்குத் தயிர்சாதம் கொடுத்தனுப்பினார். எதற்கென்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். பிச்சையாகக் கேட்கவில்லை. புதுக் கல்லில் முதலாளி பேர் இருக்கட்டும். அதற்கு மேலே ஒரு வரி வெட்டுங்கள்: இந்தக் களத்தில் முதல் வட்டம் ஓட்டியவர் இன்னார் என்று, என் அப்பன் வைத்த முழுப் பேரையும் போட்டு. பக்கத்திலேயே கொள்ளுக்கார அம்மாள் பேரையும் வெட்டுங்கள். கீழே இல்லை, ஓரத்தில் இல்லை, மேலே.